சேறு பூசியவன் வாங்கிய பட்டு

எனக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தது என் தகுதியைப் பார்த்து அல்ல. எங்கள் ஊர் பேங்குக்கு மேனேஜர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். இத்தனை கார்டை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும் என்று மேலிடத்தில் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எண்பதுகளின் கடைசி அது. ஊர் தேனிக்கும் போடிக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தக் கதையில் வரப்போகிற போலீஸ் ஸ்டேஷன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அங்கே கடனுக்கு வாங்க யாருக்கும் கார்டு தேவைப்பட்டதில்லை. மூஞ்சி போதும்.

எனக்குப் பம்புசெட் கடை. மேனேஜர் வந்து உட்கார்ந்தார், டீ குடித்தார், "உங்களை மாதிரிப் பிரமுகர்கள் வாங்கினால்தான் மத்தவங்களும் வாங்குவாங்க" என்றார். என்னைப் பிரமுகர் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கார்டு வந்ததும் மெல்லிய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, நிறம் வெளியே தெரிகிற மாதிரி பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பஜாரில் ஒரு பழக்கம் உண்டு. பில்லைப் பார்ப்பது மரியாதைக் குறைவு. கடைக்காரர் சீட்டை நீட்டினால் அதைப் பிரிக்காமல் பையில் செருகிக்கொண்டு, "போட்டுக்கங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நின்று கூட்டிப் பார்க்கிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் அந்தக் கடைக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். அதில் தப்பில்லை.

இந்தப் பழக்கத்தை நான் மதுரைக்குக் கொண்டுபோனேன்.

ஈஸ்டருக்குத் துணி எடுக்க நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். பெரிய ஜவுளிக்கடை. கார்டை எடுத்து நீட்டினேன். கல்லாவில் இருந்த பையன் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு மெஷினை எடுத்தான். கார்டை அதில் வைத்து, மேலே கார்பன் வைத்த தாளைப் போட்டு, கைப்பிடியைச் சரக்கென்று இழுத்தால், கார்டில் மேடாக இருக்கிற என் பெயரும் நம்பரும் தாளில் பதிந்துவிடும். அவ்வளவுதான் சமாச்சாரம். இழுத்தான். தாளைத் தூக்கிப் பார்த்தான்.

"சரியா விழல சார்."

இன்னொரு தாள். சரக். அதுவும் சரியாக விழவில்லையாம். மூன்றாவது தாள். மூன்றையும் என் முன்னால் வைத்து, "எதுக்கும் மூணுலயும் போட்டுருங்க சார், நல்லா விழுந்தத வச்சுக்கிட்டு மத்ததக் கிழிச்சிர்றேன்" என்றான்.

வீட்டுக்காரி என் முழங்கையை இடித்தாள். "ரூவாயே எழுதலையேங்க. வெறுந்தாளா இருக்கு."

"பேசாம இரு. பெரிய கடை. நின்னு எண்ணிக்கிட்டிருந்தா நம்மள என்ன நெனப்பாக?"

மூன்றிலும் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதில் எனக்குப் பெருமை உண்டு. மூன்றாவதற்கு அடியில் கோடு வேறு இழுத்தேன். "போட்டுக்கங்க தம்பி" என்றேன். பையன் சிரித்தான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் பேங்கிலிருந்து கணக்கு வந்தது. ஈஸ்டர் துணிக்கு ஒரு வரி. அதே கடையில், அதற்கு மேல் இரண்டு வரி. விலையைப் பார்த்தால் கல்யாணப் பட்டு. மணமகளும் அவள் அக்காவும் சேர்ந்து கட்டலாம்.

கடைக்கு டிரங்க்கால் போட்டேன். லைன் கிடைப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. "உங்க கையெழுத்து இருக்கு சார். கோடு கூட இழுத்திருக்கீங்க" என்று வைத்துவிட்டார்கள். மேனேஜரிடம் ஓடினேன். "போலீசில் புகார் கொடுத்து ரசீது கொண்டு வாங்க. அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். இல்லாட்டி நீங்கதான் கட்டணும்" என்றார். பிரமுகர் என்கிற வார்த்தை அன்று அவர் வாயில் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் கணக்கைக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள். "ரெண்டு பட்டுச் சேல எடுக்குற ஆளா நீங்க? என்கிட்ட இருக்கிற ஒண்ணும் எங்கப்பா எடுத்தது." பிறகு தேதியைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது செவ்வாக்கெழமைல்ல? அன்னிக்குத்தான மோட்டார் கம்பெனிக்காரர பாக்க மதுரைக்குப் போறேன்னு போனீக?"

"ஆமா."

"ம்."

கல்யாணமான ஆம்பளைகளுக்கு அந்த 'ம்' எவ்வளவு நீளம் என்று தெரியும்.

நான் அன்று மதுரைக்குப் போகவில்லை. வீரபாண்டியில் இருந்தேன். உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு, இடுப்பில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, கௌமாரியம்மன் கோயில் வாசலில் நின்றேன்.

இதிலென்ன, சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே போகுமே என்று கேட்கலாம். ஊரே போகும். நாங்கள் போக மாட்டோம். நாங்கள் வேதக்காரர்கள். என் மாமனார் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர், சபையில் மூப்பர். காணிக்கைத் தட்டோடு அவர் பெஞ்சு பெஞ்சாக வரும்போது சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நோட்டை எடுப்பார்கள். எனக்குப் பெண் கொடுத்ததே நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவன் என்பதற்காகத்தான். வேறு காரணம் எனக்கும் தென்பட்டதில்லை.

ஈஸ்டர் முடிந்த கையோடு எங்கள் மூத்தவளுக்கு அம்மை போட்டது. சின்னவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மூத்தவளுக்குக் கண்ணிமையில் கூட முத்து. காய்ச்சல் இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். மாமனார் வந்து முழங்கால் போட்டார். டாக்டர் வந்து கையைக் கழுவினார். பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலையைக் கொண்டுவந்து நிலையில் செருகிவிட்டு, "ஆத்தா வந்திருக்கா, கோவிச்சுக்கிட்டுப் போக மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கொல்லைப்புறம் போய் நின்றேன். கர்த்தரிடம் ஏற்கெனவே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வீரபாண்டிப் பக்கம் திரும்பி, பிள்ளை பிழைத்தால் சேறு பூசி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்திலும் வியாபாரப் புத்தி போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தீச்சட்டி எடுத்தால் மூஞ்சி தெரியும். மொட்டை போட்டால் ஞாயிற்றுக்கிழமை தெரியும். சேறு என்றால் மூஞ்சி தெரியாது; ஆற்றில் ஒரு முங்கு, அத்தோடு போச்சு.

நினைத்தபடிதான் நடந்தது. விவசாயம் பார்க்கிற அனுமந்தன்பட்டி சம்சாரி ஒருவர், கடைக்கு வந்தால் என்னை முதலாளி முதலாளி என்று கூப்பிடுகிறவர், கோயில் வாசலில் என்னை இடித்துக்கொண்டு நின்றார். என் மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்து, "ஏலே, வேட்டில ஒட்டாம அங்கன தள்ளிப் போலே" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அந்த ஒருத்தருக்கும் தெரியாததுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. வாயைத் திறந்தால் மாமனாரும் சபையும் போச்சு. திறக்காவிட்டால் மதுரையில் யாருக்கோ பட்டு எடுத்துக் கொடுத்தவன் என்று வீடு போச்சு.

முதல் தடவை ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். எழுத வெள்ளைத்தாளும் கார்பனும் நானே வாங்கிப் போனேன்; அதில்லாமல் அங்கே யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். ஏட்டையா பெரிய மீசைக்காரர். கார்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"களவு போனது இதா?"

"இல்லைங்க. இது என்கிட்டதான் இருக்கு."

"அப்ப எது போச்சு?"

"சேலை."

"உங்க சேலையா?"

"என் சேலை இல்லைங்க. கடைச் சேலை."

"அப்பக் கடைக்காரன்தான வந்து எழுதிக் குடுக்கணும்?"

"கடைக்காரருக்குப் போகலைங்க. அவருக்கு பேங்க் ரூவா குடுத்திருச்சு."

"அப்ப பேங்க்குக்குப் போச்சு."

"பேங்க் என்கிட்டக் கேக்குது."

ஏட்டையா பேனாவை மூடிவிட்டார். "வித்தவனுக்கு நட்டமில்ல. கட்டிக்கிட்டுப் போனவளுக்கு நட்டமில்ல. பேங்குக்கும் நட்டமில்ல. நடுவுல நீங்க யாரு சார்?"

வெறுந்தாளில் கையெழுத்துப் போட்ட கதையை முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து மேஜைக் கான்ஸ்டபிள் கேட்டுவிட்டு, "படிச்சவரா இருக்காரு" என்றார், பாராட்டு மாதிரி. ஏட்டையா மறுபடி பேனாவைத் திறந்தார். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"சரி. சம்பவம் நடந்த செவ்வாக்கெழம நீங்க எங்கன இருந்தீக?"

"கார்பன் ஒண்ணு குறையுது ஏட்டையா, வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தவன் திரும்பிப் போகவில்லை.

அதற்குள் பேங்க் பியூன் டீக்கடையில் தன் கடமையைச் செய்திருந்தார். எனக்கு டீ ஊற்றுகிறவர், "அண்ணாச்சி, பட்டுன்னா காஞ்சிபுரமா, ஆரணியா?" என்று கேட்டார். மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர்கள் மோட்டாரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். என்னைப் போய் அப்படி ஒரு ஆளாக நினைத்தார்களே என்று ஒரு மூலையில் சின்னதாகச் சந்தோஷம் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது அது போய்விடும். சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது.

ஒரு காலையில் போடியிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கையில் குடை. உட்காரவில்லை.

"மாப்ள, பஜார்ல என்னென்னமோ சொல்றாக. தப்பில்லைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம். வாங்க."

"நாளைக்குப் போலாம் மாமா."

"நாளைக்கு என்ன? இப்ப ஏட்டு இருப்பாரு."

வீட்டுக்காரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டினேன்.

ஏட்டையா மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். போன தடவை எனக்குக் கிடைத்த நாற்காலி இந்தத் தடவை அவருக்குக் கிடைத்தது. நான் நின்றுகொண்டே கார்டு கதையை மறுபடி ஒப்பித்தேன். எல்லாம் எழுதினார். அந்த இடம் வந்தது.

"செவ்வாக்கெழம எங்கன இருந்தீக?"

"மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அப்ப மதுரையில இருந்தீக."

"இல்ல. மதுரைக்குப் போகல."

மாமனார் குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"எங்கதான் போனீக சார்?"

சுவரில் ஓடிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வீரபாண்டிக்கு. மூத்தவளுக்கு அம்மை இறங்குனா சேறு பூசி வாரேன்னு நேந்துக்கிட்டேன். பூசினேன்."

"பாத்தவுக யாராச்சும் உண்டா?"

"எல்லாரும் பாத்தாக. யாருக்கும் நான்னு தெரியாது. ஒருத்தர் ஏலே தள்ளிப் போன்னாரு."

"உங்களையா?"

"என்னையத்தான்."

சொல்லியாகிவிட்டது. மாமனார் பக்கம் திரும்பவில்லை. சரி, மானம் போனாலும் ரசீதாவது வரும் என்று ஏட்டையாவின் பேனாவைப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அவர் மேஜைக்கடியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா விசயத்த இந்தத் தாள்ல எழுதச் சொல்றீகளா? நாளைக்குக் கோர்ட்டுல வக்கீல் எந்திரிச்சு, சேறு பூசுனது நெசமா பொய்யாம்பான். ஆத்தா பாத்தாளாம்பான். அவளக் கூண்டுல ஏத்தவா? நான் பிள்ளகுட்டிக்காரன் சார். வருசா வருசம் எங்க வீட்ல தீச்சட்டி எடுக்குறாக."

"அப்ப வேற மாதிரி எழுதுங்க. ஊர்ல இருந்தேன்னு எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றீகளா? ஸ்டேஷன்லயா?"

"புகார் என்ன ஆகுறது ஏட்டையா?"

"சம்பவம் நடந்தது மதுரை. அங்கன போய்க் குடுங்க. இது எங்க எல்லையே கிடையாது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"மொதல்ல நீங்க எங்கன இருந்தீகன்னு தெரிய வேண்டாமா?" என்றார்.

வீடு வரும்வரை மாமனார் வெயிலில் குடையை விரிக்கவில்லை. வாசலில் மூத்தவள் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் இருந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நேந்தது முடிஞ்சிருச்சா, பாக்கி இருக்கா?"

"முடிஞ்சிருச்சு மாமா."

"முடிஞ்சா சரி" என்றார். காப்பி குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் காணிக்கைத் தட்டு என் பெஞ்சுக்கு மட்டும் வேறொருவர் கையில் வந்தது.

வீட்டுக்காரிக்கு நானே சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில் நிறுத்தினாள். "வீரபாண்டியா? நான் சாக்கடைல விழுந்துட்டீகன்னுல்ல நெனச்சேன்? காதுக்குப் பின்னாடி சேத்தோட எவன் மோட்டார் கம்பெனிலருந்து வருவான்? தலையணை உறைய மூணு தண்ணில அலசுனேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"மதுரைல சாக்கடைல விழுந்து கெடந்த மனுசன்கிட்ட என்னன்னு கேக்க? குடிச்சிருந்தீகளோன்னு இருந்தேன். பெறவு சேலக் கணக்கு வேற வந்துச்சு." பிறகு, "அப்பாகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அந்த மாதம் முழுக்கவே என்னிடம் பதில்கள் கையிருப்பு இல்லை.

பேங்க் கெடு முடிந்தது. ரூபாயைக் கட்டினேன். மறுநாள் இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஸ்டேஷனில், பாதிக்கப்பட்டவர் எந்த ஊரோ அந்த ஊரில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பையிலிருந்து பேங்க் கணக்கை உருவிக்கொண்டு, "எந்திரிங்க. ரூவா கட்டியாச்சுல்ல? சேலைய வாங்கிட்டுப் போவோம்" என்றாள்.

ஜவுளிக்கடையில் கூட்டம். நேராகக் கல்லாவுக்குப் போனாள். அதே பையன்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் ரெண்டு பட்டு வாங்கி வச்சிருக்காராம். எடுத்துட்டுப் போக வந்தேன்."

அவன் என்னைப் பார்த்தான், கணக்கைப் பார்த்தான். "அது அன்னிக்கே சார் கையில குடுத்தாச்சும்மா."

"எந்தச் சாரு? இவரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சாரேதாம்மா."

"என்ன சட்ட போட்டிருந்தாரு?"

பையன் யோசித்தான். "வெள்ளைச் சட்ட."

"அன்னிக்கு இவர் ஒடம்புல சட்டையே இல்ல, தம்பி! தலையிலருந்து கால் வரைக்கும் சேறு. சேறு பூசுன மனுசன் பட்டுக்கடைக்குள்ள வந்தா உங்களுக்கு மறந்துபோகுமா? வாசல்ல நிக்கிறவரு உள்ள விடுவாரா?"

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் மடிக்க மறந்தார். "என்ன சேறு? ஏன் சேறு?" என்று ஒரு அம்மாள் கேட்க, வீட்டுக்காரி திரும்பி நின்று அம்மையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஊர் ஊராக மறைத்து வைத்த சங்கதி. "அடி ஆத்தாடி, பிள்ளைக்காகச் சேறு பூசுன மனுசன்கிட்டயா?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் பட்டுக் கட்டியிருந்தது.

உள்ளேயிருந்து முதலாளி ஓடி வந்தார். "அம்மா, உள்ள வாங்க, பேசுவோம்" என்றார். "இங்கனயே பேசுவோம்" என்றாள் இவள். அவர் பையனை ஒரு பார்வை பார்த்தார். பையன் மெஷினைப் பார்த்தான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. அதே விலையில் இரண்டு பட்டை அவளே பொறுக்கி எடுத்தாள். காசு கேட்காமல் பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். பில்லை நான் நின்று, விரலை வைத்து, வாய்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். கார்டு வேண்டாமென்று அடுத்த வாரம் மேனேஜர் மேஜையில் வைத்தபோது, "கரெக்டா கட்டிட்டீங்களே சார், லிமிட்டைக் கூட்டித் தரலாம்னு எழுதியிருந்தேனே" என்று வருத்தப்பட்டார்.

ஆக, களவு கொடுக்காதவன் புகார் கொடுக்கப் போய், புகாரும் பதிவாகாமல், திருடனும் பிடிபடாமல், வாங்காத பட்டை வாங்கினவன் என்ற பெயரைக் காப்பாற்ற நிஜமாகவே வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி வரைக்கும் இதையே மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று ஒரு ஆள் கூடச் சிக்கவில்லை. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த தடவ நேந்துக்கிட்டா என்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. பழைய வேட்டி எடுத்து வைப்பேன்" என்றாள்.

"அடுத்த தடவைங்கிற பேச்சே கிடையாது. பட்டது போதும்."

"அப்படிச் சொல்லாதீக" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "சின்னவளுக்கு இன்னும் அம்மை போடலையே."